தளம் போட்டாச்சு, தண்ணீர் எப்போதிலிருந்து?

கேள்வி சுருக்கமாக இதுதான். மதுரைப் பக்கம் 1000 சதுர அடி வீடு. அக்னி நட்சத்திர வெயிலில் காலை 9 மணிக்கு ஆரம்பித்து மதியம் 3 மணிக்குத் தளக் கான்கிரீட்டை முடித்திருக்கிறார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் நிறுத்தப் பாத்தி கட்ட மேலே ஏறினால், தளத்தில் அங்கங்கே மெல்லிய விரிசல்கள். மேஸ்திரி, "இது சகஜம் சார், சிமென்ட் பால் ஊத்தினா மூடிக்கும், ஏழு நாள் தண்ணி கட்டினா போதும்" என்கிறார். வீட்டுக்காரரின் மாமா 21 நாள் கட்டாயம் என்கிறார். சென்ட்ரிங்காரருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது, ஐந்தாம் நாள் பலகையைப் பிரிக்க வேண்டும் என்று நிற்கிறார். இதில் யார் சொல்வது சரி?

முதலில் ஆறுதலாக ஒரு வார்த்தை: குடி முழுகிப் போகவில்லை. இந்த விரிசலால் தளம் இடிந்து விழாது. ஆனால் மூன்று பேருமே நாள் கணக்கைத்தான் பேசுகிறார்கள். உங்கள் தளத்தில் தவறு நடந்தது அதற்கெல்லாம் முன்னால், மதியம் மூன்று மணிக்கும் மறுநாள் காலை எட்டு மணிக்கும் நடுவில். அந்த 17 மணி நேரம் யாருடைய கணக்கிலும் வரவில்லை. எத்தனை நாள் என்று கேட்கிற அளவுக்கு, எப்போதிலிருந்து என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக சைட்டில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த தள விரிசல்களில் பாதிக்கு மேல் அந்த முதல் ராத்திரியில் வந்தவைதான்.

கான்கிரீட் காய்ந்து கெட்டியாகிறது என்ற நினைப்பிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. களிமண் அப்படிக் கெட்டியாகும். கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமென்டும் தண்ணீரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து புதிய பொருளாக மாறுவதால்தான் இறுகுகிறது. கடலுக்குள் பாலத்தூண் போடுகிறார்களே, அது தண்ணீருக்கு அடியிலேயே இறுகுகிறது. சொல்லப்போனால், காய்ந்துவிட்டால் அந்த வேலை அப்படியே நின்றுபோகும்.

ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமென்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த சிமென்ட் முழுவதும் வினைபுரிய ஏறக்குறைய 20 லிட்டர் இருந்தால் போதும். ஆக, தேவையான தண்ணீர் கலவைக்குள்ளேயே இருக்கிறது. நாம் மேலே விடுகிற தண்ணீரின் முதல் வேலை, உள்ளே இருப்பதை வெயிலும் காற்றும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமென்ட் சங்கத்தில் இருந்த டி. சி. பவர்ஸ் 1947-இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். சிமென்டின் நுண்துளைகளுக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். மே மாத மதியத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் அதில் பாதிகூட இருக்காத நாட்கள் உண்டு.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஐந்து அங்குலத் தளத்தின் நடுப்பகுதி அவ்வளவு சீக்கிரம் காய்வதில்லை. காய்வது மேலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கம்பிக்கு மேலே நாம் விடுகிற கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம், எவ்வளவு? தளத்தில் 20 மில்லிமீட்டர், பில்லரில் 40. கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்ற வேண்டிய அந்தத் தோல்தான், தண்ணீர் கட்டாவிட்டால் முதலில் கெடுகிறது. அதனால் சோதனைக்கென்று தனியாக வார்க்கிற கான்கிரீட் கட்டியை, அதாவது க்யூப்பை, உடைத்துப் பார்த்தால் இந்தக் கெடுதல் தெரியாது. சோதனைக் க்யூப்பை 28 நாள் தொட்டியில் முக்கி வைத்துத்தான் உடைக்கிறார்கள், அது பாஸாகத்தான் செய்யும். உங்கள் பில்லர் தொட்டியில் இல்லையே.

ஒரு சைட்டில் நானே பார்த்தது. ஒரே நாளில், ஒரே கலவையில் போட்ட இரண்டு பில்லர்கள். ஒன்றுக்குக் கோணிச் சாக்கு சுற்றி ஈரமாக வைத்திருந்தார்கள். இன்னொன்றுக்குச் சாக்கு பற்றவில்லை, காலையும் மாலையும் ஹோஸில் அடித்ததோடு சரி. ஒரு மாதம் கழித்து மூன்று அங்குல ஆணியை எடுத்து இரண்டிலும் கீறினேன். சாக்கு சுற்றியதில் ஆணி வழுக்கிக்கொண்டு போனது, ஈயக்கோடு மாதிரி ஒரு தடம் மட்டும். மற்றதில் சுண்ணாம்பைக் கீறினது போலப் பள்ளம் விழுந்து, விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து சன்ஷேட் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற வீடுகளில் கவர் குறைவு ஒரு காரணம் என்றால், இந்த மாவு இன்னொரு காரணம்.

சரி, உங்கள் விரிசலுக்கு வருகிறேன். கான்கிரீட் போட்டு மட்டம் அடித்த கொஞ்ச நேரத்தில் ஜல்லியும் மணலும் கீழே அமர, தண்ணீர் மெல்ல மேலே வரும். தளத்தின் மேல் மினுமினுவென்று ஒரு படலம் நிற்கும். அந்தப் படலம் இருக்கிறவரை ஆபத்தில்லை. கீழிருந்து தண்ணீர் ஏறி வருகிற வேகத்தைவிட மேலே ஆவியாகிற வேகம் கூடிப்போனால் மினுமினுப்பு மறைந்து மேற்பரப்பு மங்கலாகும். மேல்தோல் சுருங்கப் பார்க்கும், அடியில் இருப்பது அதை விடாது. இன்னும் வலு வராத நேரம், அதனால் கிழியும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகிற நிலை வந்தால் உஷாராக வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. இதில் வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது, காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆடிக் காற்றில் போட்ட தளத்தில், மேகமூட்டமாக இருந்தும் இதே விரிசலைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுடையது இந்த வகைதானா என்று நீங்களே பார்க்கலாம். விரிசல் குறுக்குச் சாய்வாக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக, ஓர் அடி முதல் மூன்று அடி இடைவெளியில் ஓடி, தளத்தின் ஓரம் வரை போகாமல் நடுவிலேயே முடிகிறதா? அது நான் சொன்ன சுருக்க விரிசல். அப்படி இல்லாமல் கம்பி கட்டின கட்டத்தை அப்படியே மேலே வரைந்தது போல நேர்கோடாக இருந்தால் அது வேறு. கலவை அமரும்போது கம்பி தடுத்து, அதன் தலைக்கு மேலே பிளந்திருக்கிறது. தண்ணீர் அதிகமான கலவை, வைப்ரேட்டர் சரியாகப் போடாதது, கவர் குறைவு ஆகியவை அதற்குக் காரணம். இந்த இரண்டாவதைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்ப்பேன். விரிசல் நேராகக் கம்பிக்கு வழி காட்டுகிறது அல்லவா.

இரண்டுமே கலவை இன்னும் இளக்கமாக இருக்கும்போது கண்ணில் பட்டிருந்தால் செலவில்லாத வைத்தியம் இருந்தது. தேய்க்கிற மரக்கட்டையால் அந்த இடத்தை நன்றாகத் தட்டித் திரும்பத் தேய்த்தால் மூடிக்கொள்ளும். மேலே சும்மா வழித்துவிட்டால் போதாது, தட்ட வேண்டும். இப்போது அந்த நேரம் தாண்டிவிட்டது. மேஸ்திரி சொல்கிற சிமென்ட் பாலை இன்றே ஊற்ற வேண்டாம். அது விரிசலின் வாயை மூடும், வயிற்றை மூடாது. பார்க்க நன்றாக இருக்கும், மழைக்காலத்தில் கீழே மஞ்சள் கறையாகத் தெரியும். இப்போதைக்குப் பாத்தியில் தண்ணீரை நிறுத்துங்கள். பலகையைப் பிரித்த பிறகு சீலிங்கில் ஈரம் கசிகிறதா என்று அடியில் நின்று பாருங்கள். மெல்லிய சுருக்க விரிசல்கூடச் சில சமயம் தளத்தின் முழுக் கனத்துக்கும் இறங்கியிருக்கும். கசிந்தால், தளம் ஆறின பிறகு, தண்ணீர் போல இளகின எப்பாக்ஸிப் பிசினை அந்த இடங்களில் இறக்கச் சொல்லுங்கள். கசியாவிட்டால் பிறகு போடப்போகிற தட்டோடும் வாட்டர்ப்ரூஃபிங்கும் பார்த்துக்கொள்ளும்.

மாடியில் இன்னொரு தளம் போடப்போகிறீர்கள் என்றால், அன்றைய நாளை இப்படி ஓட்டுங்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கிற வேலை கோடையில் வேண்டவே வேண்டாம். அதிகாலை ஐந்து மணிக்கு மிஷின் ஓட வேண்டும், அல்லது மாலை நான்குக்கு மேல் ஆரம்பித்து லைட் போட்டு ராத்திரி முடிக்க வேண்டும். ஆள் கூலி கொஞ்சம் கூடும், பரவாயில்லை. முந்தின நாளே ஜல்லிக் குவியல் மேல் தண்ணீர் தெளித்து வையுங்கள். இரும்பு ஷீட் சென்ட்ரிங் என்றால் வெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், கம்பியும் அப்படித்தான். போடுவதற்குச் சற்று முன் தண்ணீர் அடித்துக் குளிர வையுங்கள், ஆனால் பள்ளங்களில் தேங்க விடாதீர்கள். கலவை இறுகிவிட்டது என்று மேலே மேலே தண்ணீர் ஊற்றுவதைத் தடுக்க ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். ரெடிமிக்ஸ் லாரி என்றால் தண்ணீர் கலந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். டிராஃபிக்கில் மாட்டி வந்த லாரிக்கு "ரெண்டு பக்கெட் ஊத்துப்பா" என்கிற சமாதானம் கூடாது.

மட்டம் அடித்து முடித்த பகுதியை உடனே பாலித்தீன் ஷீட்டால் மூடுங்கள். முழுத் தளமும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், காலையில் போட்ட மூலை அதற்குள் காய்ந்திருக்கும். வெள்ளை ஷீட் கிடைத்தால் நல்லது, கறுப்பு ஷீட் சூட்டை உள்ளே இழுக்கும். ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்துங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளே புகுந்து ஷீட்டே விசிறியாகிவிடும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஓர் ஓரத்தைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாமல், ஒரு கை தண்ணீர் தெளித்தால் சிமென்ட் கரைந்து பாலாக ஓடாமல் இருந்தால், நனைத்த சாக்கைப் போர்த்தலாம் என்று அர்த்தம். வெயில் நாளில் பெரும்பாலும் அன்று சாயங்காலமே அந்த நிலை வந்துவிடும். சாக்கைப் போர்த்தி, மேலே ஷீட்டைத் திரும்ப இழுத்துவிட்டால் ராத்திரிக்குக் கவலையில்லை. வாட்ச்மேனிடம் பத்து மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை நனைக்கச் சொல்லுங்கள். உங்கள் தளத்துக்கு நடக்காமல் போனது இவ்வளவுதான்.

திடீர் மழை வந்தாலும் அந்த ஷீட்தான் கைகொடுக்கும். மழையில் மேலே கரைந்த இடத்தில் வெறும் சிமென்டைத் தூவித் தேய்ப்பார்கள், விடாதீர்கள். அது பின்னால் அப்பளம் மாதிரி உரிந்து வரும்.

மறுநாள் பாத்தி. மாடித் தளத்துக்கு மழைநீர் வாட்டம் கொடுத்திருப்பார்கள் என்பதால் பெரிய பாத்தியாகக் கட்டினால் தண்ணீர் ஒரு பக்கமே நிற்கும், மேட்டுப் பகுதி வெயிலில் கிடக்கும். ஆறடிக்கு ஆறடி சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு அங்குல ஆழம் போதும். 1000 சதுர அடிக்கு அது ஏறக்குறைய 4700 லிட்டர். அதன் பிறகு ஆவியாகிற, கசிகிற அளவுக்குத் தினமும் ஈடுகட்டினால் போதும். தண்ணீர் பாரம் தாங்குமா என்று சிலர் பயப்படுகிறார்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோதான். அதே ஆட்கள் மூன்றாம் நாள் மேலே செங்கல்லை இடுப்பு உயரத்துக்கு அடுக்குவார்கள், அது சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பாத்தி காய்ந்து கிடந்து, மதியம் இரண்டு மணிக்குக் கொதிக்கிற தளத்தில் போர்வெல்லின் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சுவது கெடுதல். சூட்டு வித்தியாசத்திலேயே மேல்தோல் வெடிக்கும். காய விட்டு நனைத்து, காய விட்டு நனைத்து என்று பண்ணுவதும் அப்படியே. காலை மாலை ஹோஸில் அடிப்பதை நம் ஊரில் க்யூரிங், அதாவது ஈரம் காப்பது, என்கிறார்கள். தெளித்த அரை மணியில் வெளிறிப் போகிற தளத்துக்கு அது கையெழுத்துப் போடுகிற வேலைதான். எப்போது போய்ப் பார்த்தாலும் கறுத்து ஈரமாக இருக்க வேண்டும், அதுதான் அளவு.

இப்போது நாள் கணக்கு. ஐஎஸ் 456 என்ற நம் நாட்டு விதிநூல் சொல்வது: எதுவும் கலக்காத சாதாரண ஓபிசி சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) போன்றவை கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள். வறண்ட வெயில் காலத்தில் எந்த சிமென்டாக இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது, கலப்பு சிமென்டுக்கு 14 நாள் வரை நீட்டுவது நல்லது. உங்கள் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள், பிபிசி (சாம்பல் கலந்த சிமென்ட்) என்று போட்டிருக்கிறதா? கடையில் வீட்டு வேலைக்கு இப்போது கிடைப்பதில் பெரும்பங்கு அதுதான். அதில் கலந்திருக்கும் நிலக்கரிச் சாம்பல் நிதானமாக வேலை செய்யும். முதலில் சிமென்ட் வினைபுரிந்து சுண்ணாம்பை விட வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் சாம்பல் தன் பங்குக்கு இறுகும். ஏழாம் நாள் தண்ணீரை நிறுத்தினால் பாதிப் பந்தியில் இலையை எடுத்த கதை. ஆகவே மேஸ்திரியின் ஏழு நாள், எல்லாரும் ஓபிசி வாங்கிய காலத்துக் கணக்கு. மாமாவின் 21 நாள் தவறில்லை, தண்ணீர் இருந்தால் கட்டுங்கள், ஆனால் அவசியமில்லை. உங்களுக்கு நான் சொல்வது 14 நாள், இடைவெளி இல்லாமல்.

சென்ட்ரிங்காரர் கேட்கிற ஐந்தாம் நாளுக்கு நேரான பதில்: பலகையா, அதைத் தாங்கி நிற்கிற முட்டுக் கழியா என்று பிரித்துக் கேளுங்கள். அதே விதிநூல், பலகையைக் கழற்றி உடனே முட்டுகளைத் திரும்ப வைத்துவிடுவதானால் தளத்துக்கு 3 நாள் என்கிறது. முட்டுகளையும் சேர்த்து எடுக்க, தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு அடியில் இருக்கும் முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. மாமா எங்கேயோ கேட்ட 21 இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் இவை ஓபிசிக்கான நாட்கள். பிபிசி என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் சென்ட்ரிங் ஆட்கள் எடுத்த முட்டுகளைத் திரும்ப வைப்பார்கள் என்று நம்பி நான் ஒருநாளும் சம்மதித்ததில்லை. இரண்டு வாரம் அப்படியே நிற்கட்டும். ஷீட் வாடகைக்குத்தானே தகராறு, அந்த வாடகையைக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. பலகை ஒட்டியிருக்கிற வரை தளத்தின் அடிப்பக்கம் காயாது, அங்கே உங்களுக்குத் தண்ணீர் அடிக்கிற வேலை மிச்சம்.

தளத்துக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசி பில்லருக்குக் கிடைப்பதில்லை. மறுநாளே பெட்டியைக் கழற்றிவிடுகிறார்கள், அதில் தப்பில்லை, விதியும் 16 மணி நேரத்துக்கு மேல் அனுமதிக்கிறது. கழற்றின கையோடு சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றிச் சணலால் கட்டி, மேலே பாலித்தீனையும் சுற்றிவிட்டால் ஒரு தடவை நனைத்தது வெகுநேரம் நிற்கும். உச்சியில் ஒரு டப்பாவில் சின்ன ஓட்டை போட்டுச் சொட்ட விடுகிறவர்கள் உண்டு, அருமையான யோசனை. லிண்டல், சன்ஷேட், படிக்கட்டு, தளத்தின் பக்கவாட்டு விளிம்பு, இவைதான் எப்போதும் மறந்துபோகிற இடங்கள். க்யூரிங் காம்பவுண்ட் என்று பெயிண்ட் மாதிரி அடிக்கிற மருந்து ரோட்டு வேலைக்குப் பொருத்தம். மொட்டை மாடியில் அடித்தால் பின்னால் போடுகிற தட்டோட்டுக் கலவை ஒட்டாது, பில்லரில் அடித்தால் பூச்சு ஒட்டாது. தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் யோசியுங்கள்.

எந்தத் தண்ணீர் என்ற கேள்வியும் இருக்கிறது. கலவைக்கு ஆகாத தண்ணீர் இதற்கும் ஆகாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சென்னையின் கடற்கரைச் சாலைப் பக்கம், தூத்துக்குடி, ராமநாதபுரம் போன்ற இடங்களில் போர்வெல் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டுப் பாத்திக்கு மட்டும் போர்வெல்லைத் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினான்கு நாள் உப்பை ஊற வைத்து உள்ளே அனுப்புகிறார்கள்! சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டில் பிடித்து லேபில் கொடுங்கள், செலவு பெரிதில்லை.

கடைசியாக ஒன்று, இது கான்கிரீட்டுக்காக அல்ல. டெங்குக் கொசு இப்படித் தேங்கின நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். புழு நெளிந்தால் சுகாதார ஆய்வாளர் அபராதமும் போடுவார். ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவை, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், ஒவ்வொரு பாத்தியாக உடைத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, தளம் வெளிறுவதற்குள் திரும்ப நிரப்பிவிடுங்கள்.